அம்மாகிட்ட குடுக்கறேன்

அவருடைய வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. முப்பத்திரண்டு வருடங்களாக ஒரே கம்பெனி. அங்கே அவருக்கு வைத்திருந்த பெயர் 'சைலன்சர்'. ஸ்டோர் கீப்பர் ஒருவர் விளையாட்டாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. டீ குடிக்கும் நேரத்தில் எல்லோரும் சேர்ந்து மேலாளரை வறுத்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் குறியாக இருப்பார். யாராவது, "என்ன சைலன்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று வம்புக்கு இழுத்தால், "ம்" என்பார். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்கேயாவது லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், கம்பெனி இவரைத்தான் அனுப்பும். மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் பேச ஆரம்பிப்பார். "அம்மா, மெக்கானிக் வந்துட்டேன். உள்ள காத்து வரும், பயப்படவே வேணாம். எத்தனை பேர் இருக்கீங்க? கொழந்தை இருக்கா? அப்படியே தரையில உக்காந்துக்கச் சொல்லுங்க. பேர் என்ன பாப்பாவுக்கு?" கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். கதவு திறந்து, வேர்த்துப்போன முகங்கள் வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிடும். நன்றி சொல்பவர்களுக்கு ஒரு தலையாட்டல். அவ்வளவுதான்.

வீட்டில் அவர் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தப் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு வெளிநாட்டில் வேலை. மகளுக்குக் கல்யாணமாகி, ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில் குடித்தனம். இரண்டு பேரும் வீட்டுக்குப் போன் செய்வார்கள். இவர் எடுத்தால் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"உடம்பெல்லாம்?"

"நல்லா இருக்கு. நீ?"

"ம். இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகும். சிரிப்பு, அதட்டல், "அட, அப்புறம்?", குரலைத் தாழ்த்தி ஏதோ ரகசியம், மறுபடி சிரிப்பு. இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். பிறகு சாப்பாடு போடும்போது அவள் சேதியெல்லாம் சொல்வாள். மருமகனுக்கு முதுகுவலி. பேத்தி பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்துவிட்டாளாம். பெரியவனுக்கு ஆபீசில் புது அதிகாரி, ஆள் கடுகடுவென்று இருக்கிறாராம். பிள்ளைகளின் வாழ்க்கை அவருக்கு எப்போதும் தட்டோடு சேர்ந்துதான் வந்தது. எதை அப்பாவிடம் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் சல்லடையில் போட்டதுபோல் சலித்துத்தான் தருகிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. சலித்து வந்ததே தனக்குப் போதும் என்று இருந்தார்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு மருத்துவர் சொன்னார். அந்த நேரத்தில் இவர் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மெஷின் ரூமில் இருந்தார். அங்கே சிக்னல் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பது முறை கூப்பிட்டிருந்தார். இவர் கீழே இறங்கி வந்து போனை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மகன் பன்னிரண்டு நாள் இருந்தான். மகள் ஒரு மாதம் இருந்தாள். கிளம்பும்போது, "அப்பா, பேசாம எங்க கூட வந்துடு" என்றாள்.

"வேலை இருக்கே."

"விட்டுடேன்."

"பாக்கலாம்."

அவருக்கு அது மறுப்பு. மகளுக்கும் அது தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மகன் கூப்பிட்டான். ஞாயிறு பதினோரு மணி என்பது அவன் அம்மாவோடு வைத்திருந்த ஏற்பாடு.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ம். நீ?"

"சாப்ட்டேன். அங்க மழையா?"

"இல்ல. அங்க?"

"இல்லப்பா."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. "இரு" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாக்கில் திரும்பி, சமையலறைப் பக்கமாகப் போனை நீட்டியும் விட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கே அடுப்பு இருந்தது. கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் இருந்தன. போனுக்குள்ளிருந்து மகன், "அப்பா? அப்பா, இருக்கீங்களா?" என்று கூப்பிடுவது சின்னதாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதைக் காதில் வைத்து, "சிக்னல் சரியில்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு பிள்ளைகள் போன் செய்யாமல் இல்லை. செய்தார்கள். ஒரு நிமிடம் பத்து நொடி, ஐம்பத்தைந்து நொடி என்று திரையில் காட்டும். சாப்பாடு, உடம்பு, மழை. மூன்றும் முடிந்துவிட்டால் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். "சரிப்பா, வைக்கட்டுமா?" என்று அவர்கள் கேட்பதற்காகவே அவர் காத்திருப்பார். வைத்த பிறகு, ஏன் வைத்தோம் என்று இருக்கும்.

மனைவியின் தங்கை அதே ஊரில்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடும் சுபாவம். வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவோடு வருவாள், பழைய டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் அலமாரி மேல் அக்காவின் போன் சார்ஜில் கிடப்பதைப் பார்த்தாள்.

"இதை இன்னும் வச்சிருக்கீங்களா அத்தான்?"

"இருக்கட்டுமே."

"யாராவது கூப்பிடறாங்களா?"

"யாரும் இல்ல."

அவள் கிளம்பிய பிறகு அவர் அந்தப் போனைத் திறந்து பார்த்தார். கூப்பிட்டவர்கள், கூப்பிட்டது என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. காலை ஏழு பத்துக்கு மகள். அது தினமும். மகள் வேலைக்குப் போகும் பஸ்சில் இருக்கும் நேரம் போலிருக்கிறது. பதினொன்றரைக்குத் தங்கை. சாயங்காலம் சம்பந்தியம்மா. இவருடைய சொந்த அண்ணனுக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு போன். அண்ணனோடு தான் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தார். சரியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணன் தம்பி உறவு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓட்டியது அவள்.

மனைவி போய் எட்டாவது மாதம். மகள் இருக்கும் ஊரில் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் சோதனை செய்யக் கம்பெனி அவரை அனுப்பியது. சனிக்கிழமை. வேலை பகல் ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. சொல்லாமல் போய் நின்றால் பேத்தி குதிப்பாள் என்று அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. அப்படிப்பட்ட ஆசையெல்லாம் வருகிற ஆள் இல்லை அவர். இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கினார். கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு ஒரு கலர் பென்சில் டப்பா வாங்கினார். மனைவி பழைய திரைத்துணியில் தைத்து வைத்திருந்த பை ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் டூல் பாக்ஸோடு மகள் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. வழக்கம்போல லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினார்.

கதவைத் திறந்தவள் யாரோ ஓர் இளம்பெண். தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

"யாரு வேணும்?"

அவர் கதவு எண்ணைப் பார்த்தார். சரியான எண்தான். "இங்க... முன்னாடி இருந்தவங்க..."

"அவங்க காலி பண்ணிட்டுப் போய் மூணு வாரம் ஆச்சே. நாங்க புதுசு. நீங்க யாரு?"

அப்பா என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. பெண் வீடு மாறியது தெரியாமல் பழத்தோடு வந்து நிற்கும் அப்பா என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கையிலிருந்த டூல் பாக்ஸ் கனத்தது. சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"லிஃப்ட் பாக்க வந்தேன்மா" என்றார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, இப்பவாவது அனுப்பினாங்களே! ரெண்டாவது மாடியில கதவு மூடவே மாட்டேங்குது சார். மூடுது, திறக்குது, மூடுது, திறக்குது. நேத்துகூட நான் பால் பாக்கெட்டோட கால் மணி நேரம் நின்னேன்."

அப்புறம் என்ன செய்வது? இரண்டாவது மாடிக்கு இறங்கினார். பையைச் சுவரோரம் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கதவு ஓடும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். குப்பைக்கு நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் குறுக்காக மாட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பி எடுத்தார். பள்ளம் முழுவதையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். சென்சாரைத் துடைத்தார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நின்று வேடிக்கை பார்த்தாள். கதவு ஒருமுறை மூடியது. மூடியபடியே இருந்தது.

"கையெழுத்து ஏதாவது போடணுமா சார்?"

"வேணாம்மா."

ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார்.

"சாப்ட்டியா பாப்பா?"

"சாப்ட்டேன்பா. என்ன, இந்நேரத்துக்கு?"

"சும்மாதான். வீடு... வீடெல்லாம் சௌகரியமா இருக்கா?"

"இருக்குப்பா. தண்ணி நல்லா வருது. வெளிச்சம்தான் கொஞ்சம் கம்மி."

"ம்."

எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால், 'உனக்குத் தெரியாதா?' என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ரயில் வந்ததும் ஏறிவிட்டார். பாதி வழியில்தான் ஒரு கை சும்மா இருப்பது தெரிந்தது. பையை அந்தச் சுவரோரமே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பத்து நாள் கழித்து, டீ நேரத்தில், மகள் கூப்பிட்டாள். எடுத்ததும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்பா, நீ இங்க வந்தியா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழைய வீட்டுக்கு ஏதோ தபால் வந்திருக்குன்னு வாங்கப் போனேன். அந்தப் பொண்ணு சொல்லுது, லிஃப்ட் சரி பண்ண வந்தவர் ஒரு பையை மறந்துட்டுப் போயிட்டார், உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு. முன்னாடி இருந்தவங்களைக் கேட்டாராம். பையைப் பார்த்தா அம்மா தைச்சது. உள்ள குட்டிக்குக் கலர் பென்சில். பழமெல்லாம் வீணாப்போயிடும்னு அவங்க சாப்ட்டுட்டாங்களாம்."

"பரவால்ல. நல்ல பழம்தான்."

"அப்பா! அண்ணன் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்பா. அவன் நான் சொல்லியிருப்பேன்னு நெனச்சிருக்கான். வீடு மாத்தற அலைச்சல்ல... நான் யார்கிட்டயும் எதையும் தனித்தனியா சொன்னதே இல்லப்பா. அம்மாகிட்ட ஒரு தடவை சொன்னா எல்லாருக்கும் போயிடும். நீ அந்தப் பொண்ணுகிட்ட அப்பான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது? எம் பொண்ணு எங்க குடியிருக்கான்னு எனக்குத் தெரியாது, நீங்க கொஞ்சம் சொல்லுங்கன்னு கேக்கறதா?"

அவ்வளவு நீளமாக அவர் அவளிடம் பேசி அவளுக்கு நினைவில்லை. அவள் அழுதாள். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளைகள் அழுதால் அது எப்போதும் மனைவியின் வேலை. பக்கத்தில் ஸ்டோர் கீப்பர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அந்தக் கதவு இப்ப மூடுதா?" என்று கேட்டார். "ரெண்டாவது மாடி."

அழுகைக்கு நடுவில் அவள் சிரித்துவிட்டாள். "மூடுதாம்ப்பா. நல்லா மூடுதாம்."

அந்த வாரமே அவள் வந்து அவரைப் புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் அவருக்குப் படுக்கை போட்டார்கள். மருமகன் மரியாதையாக டிவியின் சத்தத்தைக் குறைத்தான். இவர் இருக்கும் வரை அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தார். பாவம், இவன் வீட்டிலேயே இவனுக்குச் சங்கடம் என்று நினைத்து, இரண்டாம் நாளே கிளம்பிவிட்டார்.

பிள்ளைகள் தங்களுக்குள் ஏதோ பேசி வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை மகள், ஞாயிற்றுக்கிழமை மகன், பத்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு முடிவு. இவரும் தன்னால் ஆனதைச் செய்தார். வேலைக்கு நடுவில் ஏதாவது தோன்றினால் சர்வீஸ் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். 'ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிய பாட்டுக்காரர். உள்ளேயே பாடினார்.' 'பக்கத்து வீட்டு நாய்க்கு ஆபரேஷன்.' 'பெரியப்பா பேசினார். மூட்டுவலி குறைந்திருக்கிறது.' ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னார். எல்லாம் சேர்ந்து நாற்பது நொடியில் தீர்ந்துவிட்டது.

மகன் சிரித்தான். "அப்பா, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

"வேற எப்படிச் சொல்றது?"

"அந்தப் பாட்டுக்காரர் என்ன பாடினார்? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது. நல்லா இருக்குன்னேன். கதவைத் திறந்ததும் நிறுத்திட்டார்."

மகன் மறுபடி சிரித்தான். சில வாரங்கள் இப்படி நன்றாகப் போகும். சில வாரங்கள் சீட்டில் எழுத ஒன்றும் இருக்காது. அப்போது மகனுக்கு ஒரு கூட்டம் வந்துவிடும், அல்லது இவருக்கு அடுப்பில் பால் பொங்கும். ஒருமுறை மகள் தன் கணவனோடு நடந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். நடுவிலேயே, "சரி, விடுப்பா, இதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று நிறுத்திக்கொண்டாள். அம்மாவைப் போல இவளும் சலித்துத்தான் தருகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. சொல்லும்மா, கேக்கறேன் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

மனைவி போய் ஒரு வருடம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, மகளும் சித்தியும் சேர்ந்து அலமாரியை ஒழுங்கு செய்ய வந்தார்கள். உள் அறையில் புடவைகளைக் கட்டிலில் குவித்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் கூடத்தில் இருந்தார். "இது உன் காலேஜ் முடிஞ்சப்ப எடுத்தது." "அய்யோ, இந்தப் பச்சையைக் கட்டிட்டு அம்மா வந்தா நான் பள்ளிக்கூடத்துல ஒளிஞ்சுப்பேன் சித்தி." சிரிப்பும் மூக்கை உறிஞ்சுவதும் மாறி மாறிக் கேட்டன. வீட்டில் பேச்சுக் குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. கையில் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் அறை வாசலுக்கு வந்தாள். கையில் நீலப் புடவை. கரையில் மெல்லிய வெள்ளிக் கோடு. மடிப்புக் கலையவில்லை, கடைச் சீட்டுகூட எடுக்கப்படவில்லை.

"அப்பா, இது யார் வாங்கிக் குடுத்தது? அம்மா இதைக் கட்டி நான் பார்த்ததே இல்லையே."

அவர் அந்தப் புடவையை முன்பு பார்த்ததே இல்லை. மகள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு ஏதோ ஒரு பதில் வேண்டியிருந்தது.

"நான்தான்" என்றார்.

"நீயா!" அவள் கண் விரிந்தது. "நீ புடவைக்கடைக்குப் போனியா? எப்போ?"

"ஒரு நாள். வேலை முடிஞ்சு வரும்போது. கடைக் கண்ணாடிக்குள்ள தொங்கவிட்டிருந்தான்."

"அம்மா என்ன சொன்னா?"

"கலர் நல்லா இருக்குன்னா."

மகள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இதை நான் எடுத்துக்கறேன்பா." உள்ளே போய், "சித்தி, கேட்டியா? அப்பா வாங்கினதாம்!" என்றாள். சித்தி பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பினார்கள். மகள் பைகளோடு முன்னால் படியிறங்கிப் போனாள். சித்தி செருப்பு மாட்டும் சாக்கில் வாசலில் நின்றாள்.

"அத்தான்," என்றாள் மெல்ல, "அது நான் எடுத்தது. அக்காவோட கடைசிப் பிறந்தநாளுக்கு."

அவர் வாசல் விளக்கின் சுவிட்சைப் போட்டார்.

"உங்ககிட்ட விளக்கம் கேக்கவா சொன்னேன்? இருக்கட்டும். இனிமே அது நீங்க எடுத்ததுதான்." செருப்பின் வாரை இழுத்து மாட்டினாள். "நானே நம்பற மாதிரிதான் சொன்னீங்க."

அவர்கள் போன பிறகு டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். உள் அறைக்குப் போனார். அலமாரியில் பாதி காலியாகிவிட்டிருந்தது. அவள் போனதிலிருந்து அவருடைய சட்டைகள் நாற்காலி முதுகில்தான் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து, திறந்த அலமாரி முன்னால் நின்றார். எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. சட்டைகளை மறுபடி நாற்காலியிலேயே போட்டார்.